சவுக்கு மரத்துலே செவப்புச் சீட்டு

பெட்டி எனக்குள்ளதுதான் அண்ணாச்சி. காலுலே இடிக்குதோ? இருங்க, கொஞ்சம் இங்கோட்டு நீக்கி வைக்கேன். ஆமா, ஏர்போர்ட்டுக்குத்தான். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுலே இறங்கி ஆட்டோ பிடிக்கணும். வெளிநாட்டுக்குப் போறவன் பஸ்ஸுலேயா போவான்னு பாக்குதிய, இல்லியா? மார்த்தாண்டத்துலே ஏறும்போ கண்டக்டரும் அப்பிடித்தான் பாத்தான். எங்க பக்கத்துலே ஒருத்தன் மஸ்கட்டுக்குப் போனா ரெண்டு வண்டி பிடிப்பாங்க. மாமன், மச்சான், சித்தி, சித்தப்பான்னு ஒரு பட்டாளமே கூட வரும். நான்தான் ஒருத்தரும் வரப்பிடாதுன்னு சொல்லிட்டேன். ஷெர்லிகிட்டயும் சொல்லிட்டேன், பிள்ளையளையும் கூட்டிட்டு வரப்பிடாதுன்னு. ஷெர்லின்னா எனக்க வீட்டுக்காரி.

ஏன்னு கேக்கியளா? கேக்கல்லேன்னாலும் சொல்லுதேன். யாருகிட்டயாவது சொல்லாட்டா எனக்கு வயிறு வெடிச்சிரும். ரெண்டு நாளா ஒருத்தர்கிட்டயும் சொல்லல்லை.

எனக்குப் பேரு எட்வின் தாஸ். மஸ்கட்டுலே சாரம் கெட்டுத போர்மேனாக்கும். பெரிய கெட்டிடத்துக்கு வெளியே இரும்புக் குழாயாலே கெட்டி நிறுத்துவாங்க இல்லியா, அதுதான். எனக்குக் கீழே நாப்பத்தெட்டு பேரு. பதினொண்ணு வருஷமாச்சு, நான் கெட்டின சாரத்துலேருந்து ஒருத்தன், ஒரே ஒருத்தன், கீழே விழுந்ததில்லை. பெருமைக்குச் சொல்லல்லை. வேலை சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான். நான் கையாலே ஒருத்தனையும் தொட்டதில்லை, கெட்ட வார்த்தை பேசினதில்லை. சரியில்லேன்னா திரும்பச் செய்யச் சொல்லுவேன். திரும்பவும் சரியில்லேன்னா திரும்பவும். அதுலே என்ன தப்பு இருக்கு, சொல்லுங்க பாப்போம்.

ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காத்தான் லீவு. மூத்தவ பெனிட்டாவுக்குப் பத்து வயசு. இளையவன் ஜெஃப்ரினுக்கு ஏழு. அந்த ஏழு வருஷத்துலே நான் அவன்கூட இருந்தது எல்லாம் சேத்து அஞ்சு மாசம் இருந்தா பெரிசு. போன லீவுலே என்ன நடந்தது தெரியுமா? நான் வாசல்படியிலே நின்னு போன் பேசிட்டு நிக்கேன். இவன் உள்ளே நின்னு அம்மைகிட்ட சொல்லுதான்: "அம்மா, அப்பாவைக் கொஞ்சம் நீங்கி நிக்கச் சொல்லு, எனக்கு ஒண்ணுக்குப் போணும்." எனக்க மொகத்தைப் பாத்து, "அப்பா, வழி விடுங்க"ன்னு சொல்ல அவனுக்கு வாய் வரல்லை. ஏதோ பேங்குலே பெரிய ஆபீசர்கிட்ட ஆளு மூலமா சொல்லி விடுதாம்போல. அண்ணைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல்லை அண்ணாச்சி.

அதனாலே இந்தத் தடவை ஒரே ஒரு எண்ணத்தோடத்தான் வந்தேன். டிசம்பர் ஒண்ணாம் தேதிலேருந்து ஜனவரி பத்து வரைக்கும் நாப்பது நாளு. இந்த நாப்பது நாளுலே ரெண்டு பிள்ளையளும் எனக்ககிட்ட ஒட்டிரணும். வேற ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கண்டாம், கிணறு தூர் வாரண்டாம், அதெல்லாம் பிறகு.

மஸ்கட்டுலே கேம்புலே இருக்கும்போ போன்லே ஒரு வீடியோ பாத்தேன். ஒரு வெள்ளைக்காரன், எனக்க வயசுதான் இருக்கும், பிள்ளையளைக் கூட்டிட்டுக் காட்டுக்குப் போறான். பைன் மரத்துக் காயி, காஞ்ச இலை, மரப்பட்டை எல்லாம் பெறக்கிட்டு வந்து, கிறிஸ்மஸ் மரத்துலே தொங்க விடுததுக்குச் சாமான் செய்யான். அவனுக்க பெண்பிள்ளை அவன் முதுகுலே சாஞ்சு நின்னுட்டு, அவன் என்ன செய்யான்னு தோளுக்கு மேலே எட்டிப் பாத்துட்டு நிக்கி. அந்த இடத்தை நான் எத்தனை தடவை பாத்தேன்னு தெரியாது. கூட இருக்க பிகார்காரன் கேட்டான், மரம் வாங்கப் போறியான்னு. மரம் யாருக்கு வேணும்!

வந்த ரெண்டாம் நாளே சொல்லிட்டேன். "இந்த வருஷம் கடையிலேருந்து ஒண்ணும் வாங்கப்பிடாது. பிளாஸ்டிக் பந்து வேண்டாம், மினுக்குத தாள் வேண்டாம். எல்லாம் நம்ம மண்ணுலே கெடைக்குததை வச்சு நாமளே செய்யணும்." பெனிட்டாவுக்குக் கண்ணு விரிஞ்சு போச்சு. "நிஜமாவா அப்பா?"ன்னு கேட்டா. எனக்ககிட்ட நேரா கேட்டா, பாத்துக்கிடுங்க. பையன் ஓடிப்போயி செருப்பைப் போட்டுட்டு வாசல்லே நிக்கான். நான் உள்ளுக்குள்ளே ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

உடனே இறங்கிர முடியுமா? எங்க சைட்டுலே காலையிலே வேலை தொடங்குததுக்கு முன்னே எல்லாவனையும் வரிசையா நிறுத்தி, இன்னைக்கு என்ன வேலை, எங்க ஆபத்து, எதைத் தொடலாம் எதைத் தொடப்பிடாதுன்னு ஒரு பேச்சு உண்டு. அதைப் பேசாம ஒருத்தனும் ஏணியிலே கால் வைக்கப்பிடாது. நானும் வீட்டு முத்தத்துலே ரெண்டு பேரையும் நிறுத்திப் பேசினேன். ரப்பர் தோட்டத்துலே பாம்பு இருக்கும். செருப்பைக் கழத்திட்டு ஷூ போடு. முழங்கால் தெரியப்பிடாது, பேன்ட் போடு. முள்ளைத் தொடாதே, தேன்கூட்டைப் பாக்காதே. எல்லாம் சேத்து ஒரு இருவது நிமிஷம் இருக்கும். ஷெர்லி அடுக்களை ஜன்னல்லே நின்னு, "இஞ்ச பாருங்க, அதுங்க தினமும் பள்ளிக்கூடம் விட்டு அந்தத் தோட்டத்து வழியாத்தான் வருதுங்க"ன்னு சொன்னா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. விபத்துங்கது தெரிஞ்ச இடத்துலேதான் நடக்கும்.

ஆனாலும் அந்த ஒரு நாள் கொள்ளாம் அண்ணாச்சி, நல்லாவே இருந்தது. வாகை நெத்து ஒரு சாக்கு. குலுக்கினா கலகலன்னு சத்தம் கேக்கும். மஞ்சாடி மரத்துக்குக் கீழே செவப்பு மணி ரெண்டு பிடி. கமுகம்பாளை பதினேழு. காஞ்சு விழுந்தது தோலு மாதிரி இருக்கும், நனைச்சா எந்த வடிவத்துலேயும் வெட்டலாம். பையன் ஒரு பாளை மேலே இருந்துட்டு, "அக்கா, இழு, இழு"ன்னு கத்துதான். அவ இழுக்கா. நான் விடல்லை. பாளை கீறிப் போவும் இல்லியா? சாமானு முக்கியமா, விளையாட்டு முக்கியமா?

என்ன இது, வண்டி இன்னும் குழித்துறைப் பாலத்துலேயே நிக்குது. சரி, நிக்கட்டும். விமானம் சாயங்காலம்தான்.

மறுநாள் வேலை தொடங்கியாச்சு. நான் ஒழுங்கா அட்டையிலே ஒரு நட்சத்திரம் வரஞ்சு வெட்டிக் குடுத்தேன். அஞ்சு முனையும் ஒரே அளவு. அதைப் பாளை மேலே வச்சு, பென்சிலாலே வரஞ்சு, கோடு தவறாம வெட்டணும். குருடன்கூடச் செய்யலாம். இதுங்க என்ன செய்யுது? பெனிட்டா அட்டையை ஒதுக்கி வச்சிட்டுக் கண்ணுமட்டுக்கு வெட்டுதா. முதல் நட்சத்திரத்துக்கு ஆறு முனை. ரெண்டாவதுக்கு நாலரை. நான் கோவப்படல்லை. திரும்பச் செய்யச் சொன்னேன்.

அப்பொத்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்க சைட்டுலே சாரத்தைக் கெட்டி முடிச்சதும் நான் ஏறிப் பாப்பேன். சரியா இருந்தா பச்சைச் சீட்டு தொங்க விடுவேன், ஏறலாம். சரியில்லேன்னா செவப்புச் சீட்டு, ஒருத்தனும் ஏறப்பிடாது. இங்கயும் அதையே செய்தேன். பச்சை அட்டையும் செவப்பு அட்டையும் வாங்கி, சின்னச் சின்னதா வெட்டி, நூலு கோத்து வச்சேன். செய்து முடிச்ச ஒவ்வொண்ணையும் எனக்ககிட்ட கொண்டு வரணும். பச்சைன்னா மரத்துக்குப் போவும். செவப்புன்னா திரும்பச் செய்யணும். பிள்ளையளுக்கு ஒரு உற்சாகம் இருக்கும்னு நெனச்சேன். உற்சாகத்துக்குத்தான் செய்தேன், சத்தியமா.

முதல் நாளு இருவத்தொண்ணு செவப்பு. பச்சை ரெண்டு. அந்த ரெண்டும் ஷெர்லி செய்தது.

பெனிட்டா ஒரு சம்மனசு செய்தா, தேவதூதன். பாளையிலே உடம்பு, வாகை நெத்துலே செறகு. ஒரு செறகு பெரிசு, ஒரு செறகு சின்னது. "மக்களே, ரெண்டு செறகும் ஒரே அளவா இருக்கணும்"னேன். "இது திரும்பிப் பாக்குது அப்பா, அதனாலே அந்தப் பக்கத்துச் செறகு சின்னதாத் தெரியுது"ன்னா. யாரைத் திரும்பிப் பாக்குதுன்னு கேட்டேன். கத்திரியை எடுத்து அடுத்ததை வெட்டத் தொடங்கிட்டா. சம்மனசு எந்தப் பக்கம் வேணும்னாலும் பாக்கட்டும் அண்ணாச்சி, செறகு செறகா இருக்கண்டாமா? செவப்புச் சீட்டு கெட்டினேன். கெட்டிட்டு, ராத்திரி நானே அந்தச் சின்னச் செறகைப் பிச்செடுத்து, பெரிசா ஒண்ணு வச்சு ஒட்டி, பச்சைச் சீட்டு போட்டு வச்சேன். காலையிலே பாத்து சந்தோஷப்படுவான்னு நெனச்சேன். அவ பாத்தா. "இது எனக்குள்ளது இல்லை"ன்னு சொல்லிட்டுப் பல்லு தேய்க்கப் போயிட்டா. என்ன பிள்ளை அது? ராத்திரி பன்னிரண்டு மணி வரை குத்த வச்சு இருந்து செய்தவன் நான்.

பையன் கதை இதைவிடக் கேவலம். அவன்கிட்ட ஒரு பிஸ்கட் டின் உண்டு. அதுலே ரப்பர் கொட்டை. உங்களுக்குத் தெரியும் இல்லியா, புள்ளி புள்ளியா, மெழுகு போட்டது மாதிரி பளபளன்னு இருக்கும். ஓணத்துக்கு முன்னாடி மரத்துலேருந்து வெடிச்சு விழுகும்போ பெறக்கிச் சேத்து வச்சிருக்கான். பையன்மாருக்கு அதுலே ஒரு களி. ஒருத்தன் கொட்டையைத் தரையிலே வைப்பான், இன்னொருத்தன் அவன் கொட்டையாலே ஓங்கி இடிப்பான். உடைஞ்சவன் தோத்தான். நான் டின்னைத் திறந்து பாத்தேன். மாலை கோக்க இதைவிட அழகான சாமான் உலகத்துலே உண்டா? அவன் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தான். நான் டிரில்லிங் மெஷினை எடுத்து ஒவ்வொண்ணுலேயும் நடு மத்தியிலே துளை போட்டு, நூலு கோத்து முடிச்சிட்டேன். நூத்தி இருவத்தாறு கொட்டை. ஒண்ணுகூட கீறல்லை. அந்த வேலை பாத்தா நீங்க அசந்து போவிய.

எண்ணிக்கையிலே ஒண்ணு குறைஞ்சா மாலை ரெண்டு பக்கமும் சமமா வராது. ஷெர்லிகிட்ட கேட்டேன், இன்னும் ஒண்ணு கெடைக்குமான்னு. "அவன் சட்டைப்பையிலே ஒண்ணு வச்சிருப்பான். அதை எடுக்காதீங்க. அது இதுவரைக்கும் தோக்காத கொட்டையாம், இருவத்தஞ்சு கொட்டையை உடைச்சிருக்காம்"னா. அவ்வளவு உறுதியான கொட்டையை சட்டைப்பையிலே வச்சு என்ன செய்ய? துவைக்கப் போட்டிருந்த சட்டையிலேருந்து எடுத்து அதுலேயும் துளை போட்டேன். மாலைக்கு நடுவிலே கோத்தேன், மதிப்பா இருக்கட்டும்னு.

சாயங்காலம் வந்து பாத்தான். அழுவான்னு ஷெர்லி பயந்தா. அழல்லை. மாலையைத் தொட்டுப் பாத்தான். நடுவுலே உள்ளதைக் கண்டுபிடிச்சான். துளையிலே ஒரு கண்ணை வச்சுப் பாத்தான். பிறகு காலி டின்னை எடுத்து, மூடியை அமுக்கி மூடி, கட்டிலுக்குக் கீழே இருந்த இடத்துலேயே கொண்டு வச்சான். சண்டை போட்டாலும் பரவாயில்லை, ஒரு வார்த்தையாவது பேசணும் இல்லியா மனுசன்? எனக்கு வந்துதே ஒரு வெப்ராளம்! எட்டு மணி நேரம் வெயில்லே நின்னு துளை போட்டவன் நான்.

ஆனா ஒண்ணு சொல்லணும், இந்தச் சீட்டு முறை பிள்ளையளுக்கு நல்லாப் பிடிச்சிருந்தது. எப்பிடித் தெரியும்னா, ஒரு நாள் காலையிலே நான் எப்பவும் இருக்க நாற்காலிக்குப் பின்னாலே ஒரு செவப்புச் சீட்டு தொங்குது. உக்காந்து பாத்தா, உள்ளதுதான், ஒரு ஆணி இளகியிருக்கு. சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு கவனம்! ரெண்டு பேரையும் விளிச்சுப் பாராட்டினேன். ஒண்ணை ஒண்ணு பாத்துச்சுங்க. ஷெர்லி சிரிப்பை அடக்க முடியாம உள்ளே போயிட்டா. அவளுக்கு எதுக்குச் சிரிக்கணும்னு ஒரு வரைமுறை கிடையாது.

இருவதாம் தேதி சவுக்குக் கொம்பு கொண்டு வந்து, வாளியிலே மணல் ரொப்பி நட்டேன். தூக்குக்குண்டு பிடிச்சுப் பாத்து நட்டேன், ஒரு நூல் சாயல்லை. பிள்ளையளு ரெண்டும் பாய் மேலே இருந்து டிவி பாத்துட்டு இருக்கு. "வாங்க மக்களே, கெட்டுவோம்"னேன். "நீங்க கெட்டுங்க அப்பா, நாங்க கெட்டினா அவுந்துரும்"னு பெனிட்டா சொன்னா. சரிதான், அவளுக்கு இன்னும் முடிச்சு சரியா வரல்லை. நானே கெட்டினேன். அம்பத்திரண்டு நட்சத்திரம், பன்னிரண்டு சம்மனசு, ரெண்டு வரி மாலை. எல்லாத்துலேயும் பச்சைச் சீட்டு. எங்க தெருவுலே அந்த மாதிரி ஒரு மரம் இதுவரை நின்னதில்லை, எழுதி வச்சுக்கிடுங்க.

கிறிஸ்மஸ் முடிஞ்சு மறுநாளு பங்குலேருந்து இளைஞர் இயக்கத்துப் பையன்மாரு வீடு வீடா குடில் பாக்க வந்தாங்க. வருஷா வருஷம் வருவாங்க. இந்த வருஷம் புதுசா, சின்னப் பிள்ளையளு கையாலே செய்த மரத்துக்குத் தனிப் பரிசுன்னு பூசையிலே அறிவிச்சிருந்தாங்க. எங்க வீட்டுக்குள்ளே முதல்லே நுழைஞ்சவன் அப்பிடியே நின்னுட்டான். "ஐயோ, இது என்ன வேலை! யாரு செய்தது மக்களே, நீங்களா?"ன்னு ஜெஃப்ரின்கிட்ட குனிஞ்சு கேட்டான்.

"இல்லை, எங்க அப்பா செய்தது"ன்னான் எனக்க மகன்.

"நீ எதைச் செய்தே?"

"நான் செய்தது எல்லாம் செவப்பு. அது அந்தச் சாக்குலே கெடக்கு."

அவன் பெனிட்டாவைப் பாத்தான். அவ, "எனக்குள்ளதும் சாக்குலேதான்"னா. அவ்வளவுதான். பரிசு நாலாவது வீட்டுக்குப் போச்சு. அங்க என்ன இருந்தது தெரியுமா? பப்பாளிக் குழலும் கோழித் தூவலும். ஒரு சிரட்டையிலே கண்ணும் மூக்கும் வரஞ்சு, அது பாலன் யேசுவாம். எனக்குத் தலைக்கு ஏறிப் போச்சு. "ஏம் மக்களே, ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்திரும்? பெறக்கினது நீங்க இல்லியா? பாளையை நனைச்சது நீங்க இல்லியா?"ன்னு சத்தம் போட்டேன். பையன் அம்மைக்குப் பின்னாலே போயி நின்னுட்டான்.

அண்ணைக்கு ஷெர்லி கேட்டா, "நீங்க வீட்டுலே இருக்கியளா, சைட்டுலே இருக்கியளா?"ன்னு. நல்லா கேட்டா! சைட்டுலே எனக்க ஆளு ஒவ்வொருத்தனும் நான் வந்தா எழும்பி நிக்கான். டீ குடிக்கியளான்னு கேக்கான். பண்டிகைக்கு எனக்கு ஸ்வீட் கொண்டு தாறான். வீட்டுலே எனக்கு என்ன இருக்கு? நான் உள்ளே வந்தா டிவி சத்தம் குறையும். அதை மரியாதைன்னு ரெண்டு வாரமா நெனச்சிட்டு இருந்தேன்.

களியக்காவிளை தாண்டியாச்சா? பேச்சுலே தெரியல்லை. தண்ணி வேணுமா உங்களுக்கு? எனக்குத் தொண்டை காஞ்சு போச்சு.

வருஷப் பிறப்பு அண்ணைக்கு, முந்தாநேத்து, மத்தியானம் பிரியாணி தின்னுட்டுப் படுத்திருந்தேன். உறங்கிட்டேன்னு நெனச்சிருக்காங்க. பின்னாலே துணி துவைக்க கல்லுப் பக்கத்துலே மூணு பேரும் இருக்காங்க. ஜன்னல் எனக்க தலைமாட்டுலே. பெனிட்டா அம்மைகிட்ட கேக்கா: "அம்மா, அப்பா போனப்புறம் நாம இன்னொருக்கா செய்வோமா? சீட்டு இல்லாம?"

நான் கண்ணைத் திறக்கல்லை.

ஷெர்லி சொல்லுதா, "அப்பா பத்தாம் தேதிதான் போறாவ மக்களே. செவ்வாய்க்கிழமை மூணு ராஜாக்கள் திருநாள், அண்ணைக்கு மரத்தை எடுத்திரணும் இல்லியா. அடுத்த வருஷம் செய்வோம்."

"அடுத்த வருஷம் அப்பா வருவாவளா?"ன்னு பையன் கேக்கான்.

"இல்லை மக்களே. அதுக்கு அடுத்த வருஷம்தான்."

"அப்போ சரி"ன்னான்.

அப்போ சரி. ஏழு வயசுப் பையன். நான் வரமாட்டேன்னு கேட்டதும் அவனுக்குச் சரி. வருத்தமாச் சொல்லல்லை, வெறுப்பாச் சொல்லல்லை. மழை பெய்யாதுன்னு சொன்னா நாம சொல்லுவோம் இல்லியா, அப்போ சரின்னு, துணி காயப் போடலாம்னு, அந்தக் குரல்லே சொன்னான் அண்ணாச்சி. எழும்பிப் போயி ரெண்டு அறை குடுக்கணும்னு வந்தது. எழும்பிப் போயிக் கெட்டிப் பிடிச்சு அழணும்னும் வந்தது. ரெண்டும் செய்யல்லை. சாயங்காலம் வரைக்கும் உறங்குதவன் மாதிரியே கெடந்தேன். பிறகு ஷெர்லி காப்பி கொண்டு வந்து எழுப்பினா.

அண்ணைக்கு ராத்திரி நானே எனக்குள்ளே கணக்குப் பாத்தேன். பத்தாம் தேதி வரை நான் இருந்தா, மரம் போயிரும். மரம் போச்சுன்னா இதுங்க செய்ய நெனச்சது போச்சு. அடுத்த வருஷத்துக்குள்ளே பிள்ளையளுக்கு ஆசை மாறிரும். இன்னைக்குச் சனி, நாளைக்கு ஞாயிறு, பள்ளிக்கூடம் இல்லை. முழுசா ரெண்டு நாளு கெடைக்கும். நேத்து காலையிலேயே டிக்கெட்டை மாத்திட்டேன். ஒரு வாரம் முந்தி. கம்பெனியிலேருந்து அவசரமா வரச் சொல்லுதாங்கன்னு வீட்டுலே சொன்னேன். ஷெர்லி, "உண்மையாவா?"ன்னா. "பின்னே, பொய்யா?"ன்னேன். அவ எனக்க மொகத்தைப் பாத்திட்டு, மீன் ஊறுகாயும் நேந்திரங்காய் வறுவலும் கெட்ட ஆரம்பிச்சா.

பெனிட்டா, "நாளைக்கேவா அப்பா?"ன்னு கேட்டா. அவ மொகத்தை நான் நல்லாப் பாத்தேன். சந்தோஷமா, வருத்தமான்னு எனக்குப் பிடிகிட்டல்லை. பழகின பிள்ளைன்னா தெரிஞ்சிருக்கும். பையன் காலையிலே வந்து கன்னத்துலே முத்தம் குடுத்தான். அம்மை சொல்லிக் குடுத்ததுதான், தெரியும். ஆனா குடுத்தான்.

எனக்க முறையிலே தப்பு ஒண்ணும் இல்லை, அது வேற விஷயம். முறை இல்லாம வேலை நடக்காது. அஞ்சு முனை நட்சத்திரத்துக்கு அஞ்சு முனைதான் இருக்கணும். நான் இருந்தா அதுங்க கை ஓடாதுன்னா, நான் விலகி நிக்கேன். அவ்வளவுதான். வழியனுப்ப வண்டி, ஆளு, அழுகைன்னு போனா இன்னைக்கு நாளு வீணாப் போவும். அதுக்குத்தான் யாரும் வரண்டாம்னேன். இப்பொப் புரியுதா பஸ்ஸு எதுக்குன்னு?

இருங்க, போனு அடிக்கி. அடிக்கல்லை, வாட்ஸ்அப்பு. ஷெர்லிதான். போட்டோ அனுப்பியிருக்கா.

அடப் பாவியளா. நான் வீட்டை விட்டு இறங்கி ரெண்டு மணிக்கூர்கூட ஆகல்லை. மரம் மொட்டையா நிக்குது. எனக்க சாமானு எல்லாம் பாயிலே கூட்டிப் போட்டிருக்கு. நீங்களும் பாருங்க. இவதான் பெனிட்டா. இவன் ஜெஃப்ரின், இந்த முன்பல்லு இல்லாதவன். எப்பிடிச் சிரிக்கான் பாருங்க. நாப்பது நாளுலே, இல்லை, முப்பத்திமூணு நாளுலே, இந்தச் சிரிப்பை நான் பாக்கல்லை. இந்தப் பல்லு எப்போ விழுந்தது? முத்தம் குடுக்கும்போகூட நான் கவனிக்கல்லியே.

கையிலே என்னமோ தூக்கிக் காட்டுதான், பாருங்க. என்னது இது? ஆடா? ஒட்டகமா? பனம்பழத்துக் கொட்டையிலே நாலு குச்சி குத்தியிருக்கான். ஒரு கால் குட்டையா இருக்கு. வாலு ரெண்டு இருக்கு. கொட்டையைக் கழுவக்கூட இல்லை, நாரோட நிக்குது. இதை நூலுலே கெட்டியிருக்க கெட்டைப் பாருங்க அண்ணாச்சி, இது நிக்காது, சத்தியமா நிக்காது, தொங்க விட்ட அஞ்சாவது நிமிஷம் உருவிட்டு நேராத் தலையிலே விழும். இந்தக் கொட்டை கனம் என்ன இருக்கும்! ரெண்டு சுத்து சுத்தி நூலை உள்ளே விட்டு எடுக்கணும்னு எத்தனை தடவை…

இருங்க. என்னமாவது பதில் போடணும். ஷெர்லி நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சுக்கிடுவா, ரெண்டு நீலக் கோடு வந்திருக்கும். பிள்ளையளு காத்து நிக்கும்.

"நல்லா இருக்கு மக்களே, ஆனா அந்த முடிச்சை மட்டும்…" இல்லை. அழிச்சிட்டேன்.

"ஆடு நல்லா இருக்கு." ஒட்டகமா இருந்தா? ஆடுன்னு சொல்லிட்டா பிறகு அவன் மொகம் வாடிரும். அழிச்சிட்டேன்.

"ரொம்ப நல்லா இருக்கு, கழுவிட்டு…" பாத்தியளா? நான் நெனச்சா எழுதுதேன்? கை தானா எழுதுது. சவத்துக் கையி.

அண்ணாச்சி, ஒரு உபகாரம் செய்யணும். இந்தாங்க, நீங்க போனைப் பிடிங்க. 'கொள்ளாம்'னு அடியுங்க. அது மட்டும் போதும். வேற ஒண்ணும் சேக்கண்டாம். அடிச்சாச்சா? அனுப்பிருங்க, சட்டுன்னு அனுப்பிருங்க. எனக்க கையிலே திருப்பித் தராதீங்க, தம்பானூர் வரைக்கும் நீங்களே வச்சுக்கிடுங்க.